பெயரில் தங்கும் மொழி: யான் தியெர்செனின் ‘கெர்பெர்’ இசைத்தொகுப்பில் இடமும் ஒலியும்

ஆய்வுச்சுருக்கம்

பிரான்சின் மேற்குக் கோடியில் உள்ள எவுசா தீவில் வாழும் இசையமைப்பாளர் யான் தியெர்சென் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கெர்பெர்’, பாடல் வரிகள் அற்ற கருவியிசைத் தொகுப்பு. நவசெவ்வியல், நாட்டார் இசை, மின்னணு இசை ஆகிய மூன்றும் சந்திக்கும் வகைமையில் வைத்துப் பேசத்தக்கது. இத்தொகுப்பில் நாட்டார் கூறு எங்கே தங்கியுள்ளது என்னும் வினாவிலிருந்து இக்கட்டுரை தொடங்குகிறது. அது மெட்டிலோ கருவியிலோ அன்றி, உருப்படிகளுக்கு இடப்பட்ட பிரெத்தோன் மொழி இடப்பெயர்களிலேயே தங்கியுள்ளது என்றும், அப்பெயர்களுக்கு இசை முழுமையாகப் பொறுப்பேற்கவில்லை என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: கருவியிசை, நவசெவ்வியல், மின்னணு இசை, இடப்பெயராய்வு, பிரெத்தோன் மொழி, யான் தியெர்சென்

முன்னுரை

சொல் இல்லாத இசைக்குப் பெயர் என்ன செய்கிறது என்பது மேலை இசைத் திறனாய்வில் பழைய வினா. இசையின் உள்ளடக்கம் அதன் ஒலியசைவே, அதற்கு வெளியே உள்ள காட்சியோ உணர்ச்சியோ அன்று என எடுவார்ட் ஹான்ஸ்லிக் 1854இல் வாதிட்டார். அவ்வாதத்தை ஏற்றால் தலைப்பு என்பது பொட்டலத்தின் மேல் ஒட்டிய சீட்டு மட்டுமே. அதைக் கிழித்தாலும் உள்ளிருக்கும் பொருள் மாறாது. ஏற்காதவர்களுக்கோ தலைப்பு இசையின் ஒரு பகுதி. கேட்பவர் எதைக் கேட்க வேண்டும் என்பதை முதலில் சொல்லும் குரல்.

பொதுவாக இவ்வினா அழகியல் வினாவாகவே நின்றுவிடுகிறது. ஆனால் தலைப்பு எழுதப்பட்ட மொழி அழியும் நிலையில் இருக்கும்போது அதற்கு வேறொரு கனம் சேர்கிறது. பிரான்சின் பிரிட்டனிப் பகுதியைச் சேர்ந்த யான் தியெர்செனின் ‘கெர்பெர்’ அத்தகைய ஒன்று. இதில் ஏழு உருப்படிகள் உள்ளன: ‘கெர்லான்’, ‘ஆர் மானெர் கோஸ்’, ‘கெர்திரால்’, ‘கெர் யேகு’, ‘கெர் அல் லோஹ்’, ‘கெர்பெர்’, ‘பூல் போஜெர்’. ஏழும் அவர் வாழும் தீவில், அவரது வீட்டைச் சூழ்ந்த இடங்களின் பெயர்கள். ஏழும் பிரெத்தோன் மொழிப் பெயர்கள். பாடகர் இல்லாத இத்தொகுப்பில் அம்மொழி காணப்படும் ஒரே இடம் இந்தப் பெயர்ப்பட்டியலே.

வகைமைப் பெயர்களின் சிக்கல்

இத்தகைய இசையைக் குறிக்க இன்று வழங்கும் ‘நவசெவ்வியல்’ என்னும் சொல் கவனத்துடன் கையாள வேண்டியது. இசை வரலாற்றில் அச்சொல் முதலில் இரு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட காலத்தின் ஒரு போக்கைக் குறித்தது. 1920இல் அரங்கேறிய ஸ்திராவின்ஸ்கியின் ‘புல்சினெல்லா’ அதன் அடையாளப் படைப்பு. பதினெட்டாம் நூற்றாண்டு வடிவங்களை எடுத்து, அவற்றின் மூட்டுகளை வேண்டுமென்றே பிசகவைத்துக் காட்டும் அறிவார்ந்த விளையாட்டு அது. இன்றைய பயன்பாட்டுக்கும் அதற்கும் உறவு மிகக் குறைவு. பியானோ, சிறு நரம்பிசைக் குழு, மெல்லிய மின்னணு ஒலி, குறுகிய மெட்டுத்துணுக்குகளின் திரும்பத் திரும்ப வரும் சுழற்சி ஆகியவை சேர்ந்தால் இன்று அதற்கு நவசெவ்வியல் என்று பெயர். இதன் உண்மையான முன்னோர் எரிக் சாத்தியும், 1960களின் அமெரிக்கச் சிறுமவாதிகளுமே. பிழையான பெயர்தான், ஆயினும் வழக்கில் நிலைத்துவிட்டதால் இங்கும் அப்பொருளிலேயே ஆளப்படுகிறது.

தியெர்சென் 1970இல் பிரெஸ்த் துறைமுக நகரில் பிறந்தவர். உலகின் பெரும்பகுதி அவரை 2001இல் வெளிவந்த ‘அமேலி’ திரைப்படத்தின் இசையால் அறியும். அக்கார்டியன், பொம்மைப் பியானோ, மூன்றடித் தாளத்தில் சுழலும் வால்ட்ஸ் ஆகியவை பாரிஸ் நகரத்தின் ஒலி என்று அப்படத்திற்குப் பின் பலர் நம்பினர். இதில் இரட்டை முரண் உண்டு. அவ்விசையில் கணிசமான பகுதி அப்படத்திற்காக எழுதப்படவே இல்லை. முன்னரே வெளிவந்த தனித்தொகுப்புகளிலிருந்து எடுக்கப்பட்டது. பாரிசின் அக்கார்டியன் இசை மரபும் அந்நகருக்கு உரியதன்று. ஓவேர்ஞ் பகுதியிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் அங்கே உருவாக்கியது. ஓரத்தில் உள்ளவர்களின் இசை மையத்தின் அடையாளமாக மாறுவது புதிதன்று. தியெர்செனின் பிற்காலப் படைப்புகள் பலவற்றை அந்த அடையாளத்திலிருந்து விலகும் முயற்சியாக வாசிக்க இடமுண்டு. 2014இன் ‘முடிவிலி’யில் பிரெத்தோன் மொழி ஒலிக்கிறது. 2019இல் வெளிவந்த ‘ஆல்’ தொகுப்பிலும் அம்மொழி பாடப்படுகிறது. அதனால் 2021இல் குரல் முற்றிலும் விலக்கப்பட்டது தற்செயலன்று, ஒரு தெரிவு.

எவுசாவிலிருந்து கெர்பெருக்கு

பிரெத்தோன் மொழியில் ‘எவுசா’ என்றும் பிரெஞ்சில் ‘உவெசான்’ என்றும் வழங்கும் தீவு ஏறத்தாழ 15 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. மக்கள்தொகை ஆயிரத்தை எட்டாது. பிரான்சின் ஐரோப்பிய நிலப்பரப்பில் மக்கள் வாழும் மேற்குக் கோடி இதுவே. ஆங்கிலக் கால்வாயின் வாயிலில், கப்பல்கள் மிகுதியாகச் செல்லும், பாறைகள் நிறைந்த கடலில் இது உள்ளது. ஆகவே தீவிலும் சுற்றியுள்ள பாறைகளிலுமாகக் கலங்கரை விளக்கங்கள் ஐந்து நிற்கின்றன. ஆண்கள் வணிகக் கப்பல்களில் உலகம் சுற்ற, பெண்கள் நிலத்தை உழுது காத்த வரலாறு இத்தீவுக்கு உண்டு.

தியெர்செனின் இசையில் இத்தீவு மூன்று முறை வருகிறது. 1998இல் வெளிவந்த ‘கலங்கரை விளக்கம்’ தொகுப்பில் தீவு ஒரு படிமம். தனிமையும் சுழலும் ஒளியும் அதன் பொருள். எந்தக் கடற்கரையில் நிற்கும் விளக்கத்துக்கும் அவ்விசை பொருந்தும். 2016இன் ‘எவுசா’ பியானோத் தொகுப்பில் தீவு ஒரு நிலப்படமாகிறது. உருப்படிகள் தீவின் குறிப்பிட்ட இடங்களின் பெயரைத் தாங்குகின்றன. இடையிடையே ‘ஹென்த்’, அதாவது ‘பாதை’ என்னும் பெயரில் எட்டுச் சிறு இணைப்புப் பகுதிகள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கேட்பவரை நடத்திச் செல்கின்றன. அவ்விடங்களில் எடுத்த களப்பதிவுகள் பியானோவுடன் சேர்ந்து ஒலிக்கின்றன. ஆயினும் பியானோ பதிவானது தீவில் அன்று, இலண்டனின் ஆபி ரோடு பதிவுக்கூடத்தில். ஒலிக்கருவி ஓரிடத்திலும் ஒலிச்சூழல் வேறிடத்திலும் பிறந்து, பதிவுமேசையில்தான் சந்தித்தன.

பின்னர் தீவில் கைவிடப்பட்டுக் கிடந்த நடன விடுதி ஒன்றை ‘எஸ்கால்’ என்னும் பதிவுக்கூடமாகவும் ஊர்க்கூடமாகவும் அவர் மாற்றினார். ‘கெர்பெர்’ அங்கே உருவானது. தீவின் ஒரு சிற்றூரில் உள்ள சிறு தேவாலயத்தின் பெயரே தொகுப்பின் பெயர். ‘எவுசா’வில் முன்னின்ற களப்பதிவுகள் இங்கே அச்சுமையைத் தாங்குவதில்லை, இடத்தைச் சுட்டும் பொறுப்பு பெயருக்கும் மின்னணு ஒலிக்கும் மாறிவிடுகிறது. இம்மாற்றத்தை முதல், கரு, உரி என்னும் தமிழ்ப் பகுப்பின் துணையால் சுருக்கமாகச் சொல்லலாம். ‘எவுசா’ கருப்பொருளால் நிலத்தைக் காட்டியது. ‘கெர்பெர்’ கருப்பொருளை ஏறத்தாழ நீக்கிவிட்டு, நிலத்தின் பெயரையும் அதன் உணர்வையும் மட்டும் அடுத்தடுத்து வைக்கிறது. இடையில் இருந்த பறவையும் அலையும் போய்விட்டன. தொல்காப்பியத் திணைக்கோட்பாடு வேறொரு நிலத்தின் கவிதைக்காக எழுந்தது என்பதால் இந்த ஒப்பீட்டை இதற்கு மேல் நீட்டுவது முறையன்று.

கெர் என்னும் பொதுக்கூறு

ஏழு பெயர்களில் ஐந்து ‘கெர்’ என்று தொடங்குகின்றன. தமிழ் இடப்பெயராய்வில் ஊர், குடி, பட்டி, குப்பம் போன்ற பொதுக்கூறுகள் பெயரின் ஈற்றில் நிற்கும். சிறப்புக்கூறு முன்னே வரும். பிரெத்தோனில் இம்முறை தலைகீழ். பொதுக்கூறு முதலில், சிறப்புக்கூறு பின்னர். ‘கெர்’ என்னும் சொல் வேல்சு மொழியின் ‘கயர்’ என்னும் சொல்லோடு உறவுடையது. தொடக்கத்தில் அரண் சூழ்ந்த இடத்தைக் குறித்து, பின் பண்ணை வீட்டையும் சிற்றூரையும் குறித்தது. இன்றைய பேச்சில் நகரத்தையும் குறிக்கும். ‘வீட்டில் இருக்கிறேன்’ என்று சொல்லும்போதும் இதே சொல்தான் முதலெழுத்து மெலிந்து வரும். அரண், ஊர், நகர், வீடு என நான்கு பொருளையும் ஒரே அசை தாங்குகிறது.

மற்றப் பெயர்களும் இவ்வாறே அடுக்குகள் கொண்டவை. ‘லோஹ்’ என்பது கடலோரத்தில் தேங்கிய நீர்நிலை. அதன் முன் நிற்கும் ‘அல்’, ‘ஆர் மானெர் கோஸ்’ என்பதில் வரும் ‘ஆர்’ ஆகிய இரண்டும் ஒரே சுட்டுச்சொல்லின் வடிவங்கள். அடுத்து வரும் எழுத்தைப் பொறுத்து மாறுபவை. புணர்ச்சி விதிகளில் பழகிய தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ‘ஆர் மானெர் கோஸ்’ என்றால் ‘பழைய மாளிகை’. இதில் மாளிகையைக் குறிக்கும் சொல் பிரெஞ்சுத் தொடர்பால் வந்தது. பழமையைக் குறிப்பது பிரெத்தோன். யார் மாளிகையில் இருந்தார்கள் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. ‘லான்’ என்பதற்கு முட்புதர் மண்டிய வெளி என்றும், துறவியர் தங்கிய புனித இடம் என்றும் இரு பொருள் உண்டு. ‘கெர்லான்’ எதைக் குறிக்கிறது என்பது நிலத்தையும் பழைய ஆவணத்தையும் பார்த்தே தீர்மானிக்க வேண்டியது.

இப்பெயர்கள் 2021இல் எதன் நடுவே வெளிவந்தன என்பது முக்கியமானது. யுனெசுகோவின் அழியும் மொழிகள் வரைபடம் பிரெத்தோனைக் கடும் அழிவுநிலையில் உள்ள மொழியாகக் குறிக்கிறது. 2018ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பிரிட்டனியில் ஏறத்தாழ 2 இலட்சமாக இருந்த பேசுநர் தொகை, 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1,07,000 ஆகக் குறைந்தது. பிரெஞ்சு அரசமைப்பின் இரண்டாம் உறுப்பு, குடியரசின் மொழி பிரெஞ்சு என 1992 முதல் கூறுகிறது. வட்டார மொழிகளுக்கு ஆதரவாக நாடாளுமன்றம் நிறைவேற்றிய மோலாக் சட்டத்தின் இரு பகுதிகளை அரசமைப்பு மன்றம் 2021 மே 21 அன்று நீக்கியது. ஒன்று, முழுக்கல்வியையும் வட்டார மொழி வழியே அளிக்கும் முறை. மற்றொன்று, பிறப்புப் பதிவு உள்ளிட்ட ஆவணங்களில் வட்டார மொழிகளின் மேற்குறிகளை அனுமதிக்கும் விதி. பிரெத்தோன் பெயர்களில் ‘என்’ எழுத்தின் மேல் இடப்படும் அலைக்குறியும் இதில் அடங்கும். ஒரு பெயரை அதன் மொழியின் எழுத்துமுறைப்படி எழுதலாமா என்பதே வழக்கு. மூன்று மாதம் கழித்து, ஆகஸ்டு 27 அன்று ‘கெர்பெர்’ வெளிவந்தது. தொகுப்பு இத்தீர்ப்புக்கு எழுதப்பட்ட எதிர்வினை என்று கூற முடியாது. இசை அதற்கு முன்பே உருவாகியிருந்தது. ஆனால் அதைக் கையில் வாங்கிய பிரிட்டனி வாசி அதன் பின்னட்டையில் உள்ள ஏழு பெயர்களை வெறும் அலங்காரமாக வாசித்திருக்க முடியாது.

கடலில் மாண்டு உடல் கிடைக்காதவருக்காக எவுசாவில் ‘பிரோயெல்லா’ என்னும் சடங்கு நிகழ்ந்தது. மெழுகால் செய்த சிறு சிலுவையை உடலுக்குப் பதிலாக வீட்டில் வைத்து இரவெல்லாம் விழித்திருந்து, மறுநாள் அதற்கே இறுதிச்சடங்கு செய்வர். குரலற்ற இத்தொகுப்பின் பெயர்களை அந்த மெழுகுச் சிலுவைகளோடு ஒப்பிடத் தோன்றும். ஒப்புமை கவர்ச்சியானது, ஆனால் பொருந்தாது. பிரெத்தோன் இன்னும் பேசப்படும் மொழி. 1977இல் தொடங்கிய திவான் பள்ளிகளில் குழந்தைகள் அதில் கணக்கும் அறிவியலும் கற்கிறார்கள். உயிரோடு இருக்கும் மொழிக்கு இறுதிச்சடங்கு செய்யும் திறனாய்வு, எவ்வளவு அழகாக எழுதப்பட்டாலும், தீங்கானது.

ஒலியும் சூழலும்

மேலோட்டமாகக் கேட்பவருக்கு ‘கெர்பெர்’ ஒரு பியானோத் தொகுப்பு. தியெர்சென் இக்கருத்தை மறுத்திருக்கிறார். பியானோப் பகுதிகள் முதலில் பதிவாயின என்றும், அவை தொகுப்பின் மையமல்ல, மின்னணு ஒலிகள் வேலை செய்வதற்கான தூண்டுதல் மட்டுமே என்றும் அவர் கூறியுள்ளார். படைப்பாளியின் கூற்றை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் இக்கூற்றைத் தொகுப்பே பெரும்பாலும் உறுதிப்படுத்துகிறது.

உருப்படிகளின் பொது அமைப்பு இது: பியானோவில் ஒரு சிறு தொடர் தோன்றுகிறது. அது வளர்வதில்லை, திரும்ப வருகிறது. வளர்வது அதைச் சுற்றியுள்ள வெளி. ஒரு சுரம் அடிக்கப்பட்டு மங்கும் நேரத்தில் அதன் எச்சம் மறைவதற்குப் பதிலாக நீண்டு, நிறம் மாறி, வேறொரு ஒலியாக நிலைக்கிறது. அடுத்த முறை அதே தொடர் வரும்போது அது வெற்றிடத்தில் ஒலிப்பதில்லை; முன்னர் ஒலித்தவற்றின் எச்சங்களால் ஆன நிலத்தின் மீது ஒலிக்கிறது. வழக்கமான கலப்பிசையில் பியானோவுக்குப் பின்னே மின்னணு ஒலி திரைச்சீலை போல் தொங்கும். இங்கே நிலைமை வேறு. முன்புலம் எங்கே முடிகிறது, பின்புலம் எங்கே தொடங்குகிறது என்பதைச் சில நிமிடங்களில் சொல்ல முடியாமல் போகிறது.

‘கெர் அல் லோஹ்’ இம்முறையின் சிறந்த எடுத்துக்காட்டு. தயக்கத்தோடு தொடங்கும் பியானோவை மின்னணுத் துடிப்புகள் மெல்லச் சூழ்கின்றன; உச்சத்தை அடையும்போது கேட்பவரின் கவனம் பியானோவை விட்டு நீங்கியிருக்கிறது, ஆனால் எப்போது நீங்கியது என்று தெரிவதில்லை. கரையோர நீர்நிலையின் பெயர் கொண்ட உருப்படிக்கு இது பொருத்தமே. நிலமும் நீரும் எங்கே பிரிகின்றன என்று சொல்ல இயலாத இடம் அது. தலைப்பின் பொருளை அறிந்தவருக்கு இசையின் கட்டமைப்பு கூடுதலாகத் தெளிவாகிறது. தலைப்பு தன் வேலையைச் செய்யும் தருணம் இது.

நாட்டார் இசை எங்கே? பிரெத்தோன் நாட்டார் மரபு வலுவானது. பினியூ என்னும் துருத்தி இசைக்கருவியும் பொம்பார்து என்னும் நாயனமும் இணைந்து ஒலிக்கும் இணை, 1970களின் தொடக்கத்தில் அலான் ஸ்திவெல் யாழிசை வழியே உலகறியச் செய்த மறுமலர்ச்சி, ‘ஃபெஸ்த்-நோஸ்’ என்னும் இரவுக் கூத்து ஆகியவை அதன் தூண்கள். இரவுக் கூத்தை யுனெசுகோ 2012இல் மரபுச் செல்வமாகப் பட்டியலிட்டது. அம்மரபின் கருவி, தாளம், மெட்டு எதுவும் ‘கெர்பெரில்’ வெளிப்படையாக இல்லை. ‘கான் ஹா திஸ்கான்’ என்னும் இருவர் பாடும் முறையில் முதற்பாடகரின் அடி முடியும் அசைகளை இரண்டாமவர் சேர்ந்து பாடி, அங்கிருந்தே அடியை ஏற்றுக்கொள்வார், குரல் அறுபடாது. பியானோத் தொடரின் வாலை மின்னணு ஒலி பற்றிக்கொள்ளும் முறையை இதன் நிழலாகக் காண இயலும். எனினும் அந்தப் பாடல்முறை ஆடுவோரின் காலுக்காகப் பிறந்தது. ‘கெர்பெரில்’ எவரும் ஆட முடியாது. தொழில்நுட்ப ஒற்றுமை ஒன்றை வைத்து மரபுத் தொடர்ச்சியை நிறுவுவது ஆய்வில் எளிதான பிழை. இங்கே அதைத் தவிர்ப்பதே நேர்மை. ஆகவே நாட்டார் கூறு இத்தொகுப்பில் ஒலியாக இல்லை. மக்கள் வைத்து வழங்கிய பெயராக மட்டுமே உள்ளது.

பெயருக்கு இசையின் பொறுப்பு

அப்படியானால் அடுத்த வினா தவிர்க்க முடியாதது. ஏழு பெயர்களையும் இடம் மாற்றி வைத்தால் என்ன ஆகும்? ‘கெர்திரால்’ என்பதற்கு ‘கெர் யேகு’ என்றும், ‘கெர் யேகு’ என்பதற்கு ‘கெர்லான்’ என்றும் பெயர் மாற்றினால் கேட்பவருக்கு வேறுபாடு தெரியுமா? தெரியாது என்பதே விடை. ‘கெர் அல் லோஹ்’ தவிர்த்த பிற உருப்படிகளின் நடையும் வேகமும் உணர்வும் நெருங்கியவை. மிதமான கால அளவு, சுழலும் சிறு தொடர், மெல்லச் செறிந்து பின் தளரும் அமைப்பு என அவை ஒரே குடும்பத்தின் முகங்கள். மாளிகை இருந்த இடமும் புதர் மண்டிய வெளியும் ஒரே வானிலையில் நிற்கின்றன.

இதற்கு ஒரு மறுமொழி உண்டு. ஏழு இடங்களும் நடந்து சென்று சேரத்தக்க தொலைவில் உள்ளவை. அவற்றின் காற்றும் ஒளியும் ஒன்றே. எனவே இசையும் ஒன்றாக இருப்பது உண்மைக்கு நெருக்கமானது. தியெர்செனும் மிகச் சிறியதை உற்று நோக்குவதும் மிகப் பெரியதை நோக்குவதும் ஒன்றே என்னும் கருத்தை இத்தொகுப்பையொட்டிப் பேசியுள்ளார். அக்கருத்து கவர்ச்சியானதே. ஆனால் அருகே சென்று பார்ப்பதன் பயன் வேறுபாடு தெரிவதே. வயலுக்கு வயல் பெயர் வைத்த மக்கள் அவ்வாறு வைத்ததற்குக் காரணம், அடுத்த வயல் வேறானது என்று அவர்கள் அறிந்திருந்ததே. கெர்லானும் கெர்திராலும் அங்கே பிறந்தவருக்கு ஒருபோதும் ஒன்றல்ல. அந்த நுண்மையான வேறுபாட்டைப் பெயர் காக்கிறது. இசை அதைக் கரைத்துவிடுகிறது. ‘எவுசா’வின் களப்பதிவுகள் சற்றே எளிய உத்தி என்று குறை கூறலாம். ஆயினும் ஓர் இடத்தின் ஒலி மற்றோர் இடத்தின் ஒலியன்று என்பதை அவை மறக்கவிடவில்லை. அவ்வகையில் ‘கெர்பெர்’ ஒலியமைப்பில் முன்னேற்றம். இடத்தைக் கையாள்வதில் ஒரு படி பின்னிறக்கம்.

கேட்கும் சூழலும் இக்குறையைப் பெரிதாக்குகிறது. இன்று இவ்வகை இசை பெரும்பாலும் இணைய இசைத் தளங்களில், படிப்பதற்கும் உறங்குவதற்கும் ஏற்றவை எனத் தொகுக்கப்பட்ட பட்டியல்கள் வழியே சென்று சேர்கிறது. அங்கே உருப்படி தொகுப்பிலிருந்து பிரிந்து, முன்பின் தொடர்பற்ற பியானோத் துணுக்குகளோடு வரிசையில் நிற்கும். பெயர் திரையில் ஒரு நொடி தோன்றும். அதைப் படிக்கத் தெரியாதவருக்கு அது ஒரு வடக்கத்திய மணம் மட்டுமே. சாத்தி 1917இல் ‘அறைகலன் இசை’ என்று எழுதியது, இசையை யாரும் உற்றுக் கேட்கத் தேவையில்லை என்னும் குறும்பான எண்ணத்தில். இன்று அது வணிக வழக்கமாகிவிட்டது. இச்சூழலில் தன் பெயரைத் தானே தாங்கி நிற்கும் வலு உருப்படிக்குள்ளேயே இருக்க வேண்டும். ‘கெர் அல் லோஹ்’ அவ்வாறு நிற்கிறது. தலைப்புத் தாங்கிய ‘கெர்பெர்’ உருப்படியும் தன் நீளத்தாலும் பொறுமையாலும் ஓரளவு நிற்கிறது. மற்றவை அட்டையைச் சார்ந்தே நிற்கின்றன.

எண்ணாகும் பெயர்

தொகுப்பு வெளிவந்த அதே ஆண்டில் பெர்லினில் நடந்த ‘சூப்பர்பூத்’ என்னும் மின்னிசைக் கருவிகள் விழாவில் இசைப்பதற்காகத் தியெர்சென் ‘கெர்பெர்’ உருப்படிகளைத் துண்டுகளாக மாதிரியெடுத்து, சிந்தசைசர் வழி மறுநிரலாக்கம் செய்தார். அது தனித்தொகுப்பாக வளர்ந்து 2022 ஜூனில் வெளிவந்தது. அதன் பெயர் ‘11 5 18 2 5 18’. இது ‘கெர்பெர்’ என்னும் சொல்லே. ஒவ்வோர் எழுத்துக்கும் அகரவரிசையில் அதன் எண்ணை இட்டால் கிடைப்பது. உருப்படிகளின் பெயர்களும் எண்களாயின. இசையும் அவ்வாறே: பியானோ ஏறத்தாழ மறைந்து, இயந்திரத் துடிப்பு முன்னுக்கு வருகிறது. ‘கெர்பெரில்’ கரைந்தும் கரையாமலும் நின்ற இடம் இங்கே முற்றிலும் நீங்கிவிட்டது.

இதை ஒரு விளையாட்டு என்று கடந்துவிடலாம். ஆனால் ‘கெர்’ என்னும் அசை சுருக்கப்படுவது இது முதன்முறையன்று. பழைய பிரிட்டனி ஆவணங்களில் எழுத்தர்கள் இந்த அசையை முழுதாக எழுதாமல், ‘கே’ எழுத்தின் காலில் ஒரு குறுக்குக் கோடிட்டு அதற்குப் பதிலாகப் பயன்படுத்தினர். ஆயிரக்கணக்கான ஊர்ப்பெயர்களிலும் குடும்பப்பெயர்களிலும் வரும் அசை என்பதால் மையும் தாளும் மிச்சம். அந்தக் கோடிட்ட எழுத்து மொழிக்குள் இருந்து பிறந்த சுருக்கம். படிப்பவர் அதைக் கண்டதும் ‘கெர்’ என்றே ஒலிப்பார். பிற்கால நிருவாகம் பிரெஞ்சு எழுத்துவரிசையில் இல்லாத அக்குறியை ஏற்க மறுத்தது. தியெர்செனின் எண்களோ ஒலிக்கப்படுவதற்கே உரியவையல்ல. அதே 2022ஆம் ஆண்டின் பிப்ரவரியில் பிரான்சில் நிறைவேறிய உள்ளாட்சிச் சட்டம், சிற்றூராட்சிகளும் தம் பாதைகளுக்கெல்லாம் பெயரிட்டு வீடுகளுக்கு எண்ணிட வேண்டும் எனப் பணித்தது. பழைய சிற்றூர்ப் பெயர்களின் இடத்தைப் புதிய பிரெஞ்சுத் தெருப்பெயர்கள் எடுத்துக்கொள்ளும் என்ற அச்சம் பிரிட்டனியில் அதையொட்டி எழுந்தது. தியெர்சென் இதை மனத்திற்கொண்டு எண்களை இட்டார் என்பதற்குச் சான்றில்லை. ஆயினும் ஊர்ப்பெயர் எண்ணாக மாறும் அனுபவத்தை அவ்வாண்டில் அவரது தொகுப்பும் நிருவாகமும் ஒருசேரத் தந்தன.

இவ்வெண்கள் எந்த அகரவரிசைப்படி இடப்பட்டன என்பதையும் பார்க்க வேண்டும். ‘கே’ பதினொன்றாவது எழுத்தாக வருவது பிரெஞ்சும் ஆங்கிலமும் பயன்படுத்தும் இருபத்தாறு எழுத்து வரிசையில். பிரெத்தோனுக்குத் தனி வரிசை உண்டு. அதில் தனித்த ‘சி’ இல்லை; ‘க்யூ’வும் ‘எக்ஸ்’ஸும் இல்லை. ‘ஷ்’ ஒலிக்குரிய ‘சிஎச்’ என்னும் இணைப்பு ஓர் எழுத்தாகவும், நடுவே மேற்குறி இட்டு எழுதப்பட்டுத் தொண்டையொலியைக் குறிக்கும் மற்றோர் இணைப்பு வேறோர் எழுத்தாகவும் எண்ணப்படும். ‘லோஹ்’ என்னும் சொல்லின் ஈற்றில் ஒலிப்பது இந்த இரண்டாவது எழுத்தே. தொகுப்பின் அட்டையிலோ அது மேற்குறி இழந்து அச்சாகியுள்ளது. ஆகவே பிரெத்தோன் வரிசையில் ‘ஈ’ ஆறாவது எழுத்து, ‘கே’ பன்னிரண்டாவது. ‘பி’யும் ‘ஆரு’ம் மட்டும் இரு வரிசையிலும் ஒரே இடத்தில் நிற்கின்றன. எவுசாவின் அந்தச் சிறு தேவாலயத்தின் பெயரை அதன் சொந்த மொழியின் வரிசைப்படி எண்ணாக்கினால் கிடைப்பது 12 6 18 2 6 18.